முகவாயில் வைத்த கை

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் யோசனை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை எழுதுகிற குமாஸ்தாவுக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. போர்மேன் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போதும் சரி, மதியம் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் சரி, அவளுடைய இடது கை மெல்ல எழுந்து முகவாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ பெரிய விஷயத்தை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும். "என்ன யோசனை, உலகம் எப்ப உருப்படும்?" என்று போகிறபோக்கில் கேட்டுவிட்டுப் போவார்கள். சிலபேர் நிஜமாகவே வந்து யோசனை கேட்டதும் உண்டு. பழைய வண்டியை விற்கலாமா, மாமியாரோடு பேசாமல் இருப்பதை நிறுத்திவிடலாமா என்றெல்லாம். அவளும் கையை எடுக்காமலே ஏதோ சொல்லி அனுப்புவாள். பாதிக்குப் பாதி அது பலித்தும் தொலைத்தது.

அந்தக் கை யோசிக்க வந்த கை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அது மறைக்க வந்த கை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்தொன்பது வயதில் முகவாயில் கறுப்பாக, கம்பி மாதிரி ஒரு முடி முளைத்தது. அடுத்த மாதம் நாலு. அப்போது கூட இருந்த சித்திதான் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு சின்ன இடுக்கியால் பிடுங்கிவிட்டாள். பிடுங்கிவிட்டு, கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்: "பிளேடு மட்டும் பட விட்டுடாதே. ஒருவாட்டி பட்டுதோ, அப்புறம் ஆம்பளை மாதிரி புதரா வந்துடும்." சித்தி பாசமாகத்தான் சொன்னாள். அந்தப் பாசத்தை இவள் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பிடுங்கும் நாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, கைக்கண்ணாடியைக் குழாய் மேல் சாய்த்து வைத்து, முக்கால் மணி நேரம். இடுக்கியில் ஒரு தொல்லை உண்டு. முடி கொஞ்சமாவது வளர்ந்தால்தான் அதன் வாய்க்கு அகப்படும். அதனால் திங்களும் செவ்வாயும் முகம் வழவழவென்றிருக்கும். புதன்கிழமை முளை கட்டும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கை முகவாயை விட்டு இறங்காது. சில முடிகள் தோலுக்குள்ளேயே சுருண்டு, வெளியே வர வழியில்லாமல் கொப்புளமாக நின்று, கறுப்புத் தழும்பை விட்டுப் போகும். அதையும் கை மறைக்கும். ஒரு கைக்கு எவ்வளவு வேலை!

பட்டறையில் அவள் ஆறு வருஷமாகத் தேய்ப்புப் பிரிவில் இருந்தாள். தகரத்தில் பள்ளம் இருந்தால் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமம் செய்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் பஸ்ஸின் பக்கவாட்டைத் தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரிந்துவிடும். "இங்க இன்னும் ரெண்டு இழுப்பு" என்பாள். பெயின்ட் அடித்துப் பளபளப்பு ஏறின பிறகு பார்த்தால், அவள் சொன்ன இடத்தைத் தேய்க்காமல் விட்டிருந்தால் அங்கேதான் வெளிச்சம் வளைந்திருக்கும்.

ஆனால் அவள் ஆசையெல்லாம் பெயின்ட் அறை மேல். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், இரண்டு பேர் தலையோடு கால் மூடிய உடுப்பில், கையில் ஸ்ப்ரே கன்னோடு, மூச்சு விடுகிற மாதிரி ஒரே சீராக வண்ணம் ஏற்றுவதை ஆறு வருஷமாக வெளியே நின்று பார்த்திருக்கிறாள். மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது முறை போர்மேன் தலையாட்டிவிட்டார். பெயின்ட் அறைக்குப் போகிற முதல் பெண் அவள்தான்.

அதற்கு ஒரு சோதனை இருந்தது. பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கிற ஹார்டனரின் ஆவி பொல்லாதது. அதனால் மாஸ்க் முகத்தோடு ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பார்க்க வருகிறவர் ஒரு பாதுகாப்பு அதிகாரி. நடுத்தர வயது, வெள்ளிச் சட்டக் கண்ணாடி, அதிகம் பேசாத அம்மாள். அவருடைய பையில் மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. முன்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த ஒரு துணிக் கூடு. ரப்பர் பந்து வைத்த ஒரு சின்னப் பீச்சான். அதற்குள் வேப்பெண்ணெயே தேவலை என்கிற கசப்பில் ஒரு திரவம். அவ்வளவுதான்.

மாஸ்க் போட்டவரின் தலையில் கூட்டைக் கவிழ்த்து, அதற்குள் கசப்பைப் பீச்சுவார். தலையை இடம் வலம் திருப்பச் சொல்வார், மேலும் கீழும் அசைக்கச் சொல்வார், கடைசியில் நூறிலிருந்து தலைகீழாக எண்ணச் சொல்வார். வாயில் கசப்புத் தட்டினால் மாஸ்க் ஓரம் கசிகிறது என்று அர்த்தம்.

"இதுல முள்ளு, மீட்டர் எதுவும் இல்ல. உங்க நாக்குதான் மீட்டர். கசந்தா கையைத் தூக்குங்க, அது போதும்" என்றார் அதிகாரி.

அன்று வியாழக்கிழமை.

நூறு, தொண்ணூற்றொன்பது என்று எண்ணிக்கொண்டே வந்தாள். வாய் அசைய அசைய முகவாயும் அசைந்தது. தொண்ணூற்றொன்றில் நாக்கின் ஓரத்தில் ஒரு கீற்று வந்தது. எண்பத்தெட்டில் வாய் முழுக்கக் கசந்தது. கண்ணாடித்தாளுக்கு வெளியே போர்மேன் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெயின்ட் அறையின் கதவு. அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் எண்பது வரை எண்ணி முடித்தாள்.

"கசந்துதா?"

"இல்ல மேடம்."

அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். யோசனை வெளியே போய்க் குழாயடியில் ஏழெட்டு முறை வாய் கொப்பளித்தாள். பொய் சொல்லித்தான் உள்ளே போகிறோம் என்பது கொப்பளிக்கக் கொப்பளிக்கப் போகாமல் தொண்டையிலேயே நின்றது.

அடுத்த திங்கட்கிழமை அவள் கையில் ஸ்ப்ரே கன் வந்தது. ஜோடி வேலைக்கு அவளோடு நின்றவர் தாடி. தாடி என்பது அவருடைய பட்டப்பெயர். தாடி இல்லாததுதான் அதில் வேடிக்கை. பெயின்ட் அறைக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சு வரை வளர்த்து, எண்ணெய் தடவி, சீப்புப் போட்டு வாரிக்கொண்டிருந்தவர். மாஸ்க்குக்காக அதை எடுக்க வேண்டி வந்தது. எடுத்த அன்று அவருடைய மனைவியே, "யாருங்க வேணும்?" என்று வாசலில் கேட்டாளாம். இப்போது தினமும் ஆறரை மணிக்கு, ஆண்கள் அறையின் சுவரில் இருக்கும் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்று, பட்டறை கொடுக்கும் ரேஸரால் மழித்துவிட்டுத்தான் அறைக்குள் வருவார். "ஆண்கள் வேலைக்கு முன் கட்டாயம் முகம் மழிக்கவும்" என்று கண்ணாடிக்கு மேலே எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ராஜா மாதிரி வெச்சிருந்தேன். இப்ப பாரு, உரிச்ச வெங்காயம்" என்பார் தாடி.

திங்களும் செவ்வாயும் சொர்க்கம். மூன்றாம் நாள், புதன்கிழமை, மாஸ்க்குக்குள் இனிப்பாக, பழம் அழுகினாற்போல ஒரு வாசனை வந்தது. வியாழக்கிழமை இருமல். வெள்ளிக்கிழமை மாலை உடுப்பைக் கழற்றும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டாள்.

தாடி அருகில் வந்து நின்றார். "உன் மாஸ்க் கசியுது."

"சளிண்ணே."

"சளி திங்கக்கிழமை எங்க போச்சு? பதினாலு வருஷமா இந்த அறையில நிக்கறேன், எனக்கே காது குத்தறியா? அந்த ஹார்டனர் ஒருவாட்டி நெஞ்சுல பிடிச்சுட்டா, அப்புறம் துளி வாசனை பட்டாலே மூச்சுத் திணறும். எனக்கு முன்னாடி இருந்தவன் அப்படித்தான் வேலையை விட்டான். நான் போர்மேன்கிட்ட சொல்லத்தான் போறேன். நீ என்னைத் திட்டிக்கோ."

அவள் திட்டவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது, கை வழக்கம்போல முகவாய்க்குப் போனது. அன்று அது மறைக்காமல் தடவியது. கண்ணை மூடிக்கொண்டாள். பட்டி காய்ந்த தகரத்தைத் தடவுகிற அதே விரல் நுனி. முகவாயின் கீழ் விளிம்பு முழுக்க, மாஸ்க்கின் ரப்பர் உட்காரும் அதே கோட்டில், சொரசொரவென்று வரிசை வரிசையாக நின்றது. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதன் முதல் உண்டு. வாசனை வந்த நாளும் அதேதான். வழவழப்பாக இருக்க வேண்டுமென்றுதான் பிடுங்கினாள். பிடுங்குவதற்காகவே வாரத்தில் நாலு நாள் அதை வளர்க்கவும் செய்தாள். ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் உப்புத்தாள் ஒட்டினாற்போல அது நின்று, காற்றுக்கு வழி விட்டிருக்கிறது. இது மாஸ்க்கின் குற்றம் இல்லை. மாஸ்க் என்றால் மாற்றிவிடலாம்.

மறுநாள் சனிக்கிழமை. அதிகாரி அம்மாளை அவசரமாகக் கூப்பிட்டிருந்தார் போர்மேன். சோதனைக்கு ஒதுக்கின சின்ன அறையில் போர்மேன், தாடி, அதிகாரி, அவள் என்று நாலு பேர்.

போர்மேன் நல்ல மனிதர்தான். ஆனால் வேலை என்றால் வேலை. "இதோ பாரும்மா, மாஸ்க் சேரலைன்னா உள்ள விட முடியாது. உன்மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. சில முகத்துக்குச் சேராது. மறுபடி தேய்ப்புக்குப் போ, அங்க உன்னை அடிச்சுக்க ஆள் இல்ல."

அதிகாரி தாளை எடுத்தார். வயது, கண்ணாடி போடுவதுண்டா, மூச்சுத் தொல்லை முன்பு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தார். நாலாவது கேள்வியில் பேனா ஒரு கோடு கிழித்துவிட்டுத் தாண்டியது. முதல் சோதனையிலும் அப்படித்தான் தாண்டியது. அந்த இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது தலைகீழாகப் பார்த்தாலும் யோசனைக்குத் தெரிந்தது.

கூடு கவிழ்ந்தது. கசப்பைப் பீச்சினார். நூறு, தொண்ணூற்றொன்பது. இந்த முறை தொண்ணூற்றைந்திலேயே வந்துவிட்டது.

அவள் கையைத் தூக்கினாள். "கசக்குது மேடம். போன தடவையும் கசந்துது. நான் பொய் சொன்னேன்."

போர்மேன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதிகாரி சின்ன அளவு மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டினார். கசந்தது. வேறு ரகம் ஒன்று. அதுவும் கசந்தது. அப்புறம் பேனாவை எடுத்து, "பொருந்தவில்லை" என்று எழுதுகிற கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

அந்தப் பேனா முனையைப் பார்த்துக்கொண்டே யோசனை சொன்னாள்: "மேடம், நாலாவது கேள்வியை என்கிட்டயும் கேளுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அவளைப் பார்த்தார். முகவாயில் கை இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு.

அந்த அம்மாள் பதறவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. தாடியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார். "முகம் மழிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சு?"

"மழிச்சதே இல்ல மேடம். பிடுங்கி ஆறு நாள் ஆச்சு."

அதிகாரி கோட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டார். "அப்ப மாஸ்க் மேல தப்பில்ல. திங்கக்கிழமை காலையில மழிச்சுட்டு வாங்க. நானும் வர்றேன்."

"மழிச்சா புதரா வருமே மேடம்..."

அதிகாரி பதில் சொல்வதற்குள் தாடி குறுக்கே விழுந்தார். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், குல்லாவைக் கழற்றி உச்சியைக் குனிந்து காட்டினார். "இங்க பாரு தாயி. இந்த வழுக்கையை மொட்டை போட்டா அடர்த்தியா வரும்னு சொன்னாங்க. ஏழு மொட்டை. ஏழு! வந்துதா? கீழே தாடையில பதினாலு வருஷமா தினம் மழிக்கறேன். இதாவது கூடுச்சான்னா அதுவும் இல்ல. முடிக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. பிளேடு வந்துட்டுப் போனது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொல்றது சரி," என்றார் அதிகாரி. "வெட்டின முனை மட்டையா இருக்கறதால விரலுக்குத் தடிமனாத் தெரியும். வேர் அப்படியேதான் இருக்கும். ஆனா ஏன் வருதுன்னு ஒரு டாக்டரைப் பாத்துடுங்க. அந்த நெஞ்சு இறுக்கத்தையும் சொல்லுங்க."

போர்மேன் ஜன்னலுக்கு வெளியே எதையோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, "அப்ப திங்கக்கிழமை வரைக்கும் வேற ஆள் போடலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவளுக்கு அது போதும்.

அவளுடைய வீட்டுக்காரர் தச்சு வேலைக்காரர். அன்று சாயங்காலம் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, "உங்க ரேஸர் ஒண்ணு வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"எனக்குத்தான்." இடுக்கியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதால இத்தனை வருஷமா முகவாயில பிடுங்கிட்டிருந்தேன்."

அவர் இடுக்கியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அது என் கையில ஏறுற சிராய் எடுக்கறதுக்கு வாங்கினது இல்லையா?"

"உங்களுக்கு எடுத்ததைவிட எனக்கு எடுத்ததுதான் அதிகம்."

"கல்யாணமாகிப் பதினேழு வருஷம்!" நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பலகையைப் பாத்தா எந்தப் பக்கம் வளையும்னு சொல்லிடுவேன். வீட்டுக்குள்ள இருக்கற முகத்தைப் பாக்கத் தெரியலையே." அவருக்கு வருத்தம்தான். முடி வந்ததைப் பற்றி அல்ல. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தாழிட்ட கதவுக்கு வெளியே, சீக்கிரம் வா என்று தட்டியதைப் பற்றி. அதை அவர் சொல்லவில்லை, அவளுக்குப் புரிந்தது. அப்புறம் எழுந்து புது ரேஸர் ஒன்றைப் பிரித்து, வெந்நீர் வைத்துக்கொடுத்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தார். "அழுத்தாதே. இழை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமா இழு. எதிரிழையில போனா மரமே சிலும்பும், இது தோல்."

"நான் என்ன கதவா?"

"கதவா இருந்தா ரெண்டு கோட் வார்னிஷ் அடிச்சு முடிச்சிருப்பேன்."

அவள் சிரித்ததில் சோப்பு நுரை கண்ணாடியில் தெறித்தது. ஐந்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் எங்கே, ஐந்து நிமிஷம் எங்கே! முகவாயைத் தடவிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் மருத்துவமனை ஒன்றில் டாக்டர் அம்மாளைப் பார்த்தார்கள். முதலில் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, ஊதச் சொல்லிப் பார்த்தார். இப்போதைக்குப் பழுதில்லை, மறுபடி இறுக்கினால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். அப்புறம் நிறையக் கேள்வி கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வந்ததுண்டு. நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால் இருக்கும் என்று அவளே ஒரு காரணம் வைத்திருந்தாள். குரல் மாறியதா? இல்லை. திடீரென்று மளமளவென்று வந்ததா?

"மெதுவாத்தான் டாக்டர். பத்தொன்பது வயசுலேருந்து."

"சில மாசத்துக்குள்ள திடீர்னு வந்தாலோ குரல் தடிச்சாலோ உடனே ஓடி வரணும். உங்களுது அந்த மாதிரி தெரியலை. ஆம்பளைங்களுக்கு இருக்கற ஹார்மோன் எல்லாப் பொம்பளைங்க ஒடம்புலயும் கொஞ்சம் இருக்கும். சிலபேருக்கு அது கொஞ்சம் கூட இருக்கும். சிலபேருக்கு அளவு சரியா இருந்தாலும் முடியோட வேர் அது பேச்சை ரொம்பக் கேக்கும். உங்களுக்கு எதுன்னு ரத்தம் எடுத்துப் பாப்போம். மாத்திரை இருக்கு; ஆனா ஆறு மாசமாவது சாப்பிட்டாத்தான் வித்தியாசம் தெரியும், குழந்தை வேணும்னு இருக்கறவங்களுக்கு அது ஆகாது."

"ரெண்டு இருக்கு, விடுதியில படிக்குதுங்க. போதும் டாக்டர்."

"லேசர், கரன்ட் ஊசின்னு வேற வழியும் இருக்கு. பல தடவை வரணும். அவசரமில்ல, யோசிச்சு சொல்லுங்க. அதுவரைக்கும் மழிச்சுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. பிடுங்கிப் பிடுங்கித்தான் இந்தத் தழும்பு."

"நான் மட்டும்தான் இப்படியா?" இதைக் கேட்கத்தான் அவள் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள் போலிருக்கிறது, குரல் அவ்வளவு சின்னதாக வந்தது.

டாக்டர் சிரித்தார். "இந்த நாற்காலியில இந்த வாரம் நீங்க நாலாவது ஆள். நாலு பேரும் இதையேதான் கேட்டாங்க."

திங்கட்கிழமை காலையில் மறுபடி மழித்துவிட்டு வந்து நூறிலிருந்து எண்ணினாள். தொண்ணூற்றொன்று வந்தது, போனது. எழுபது வரை எண்ணவைத்தார் அதிகாரி. வாயில் எச்சிலைத் தவிர ஒரு ருசியும் இல்லை. கூட்டைக் கழற்றியதும், "இனி தினமும்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது போர்மேனிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் பெண்கள் அறையில் ஒரு ஆள் உயரக் கண்ணாடி வந்து மாட்டப்பட்டது. அதற்குக் கீழே ஒரு தட்டு, தட்டில் பத்து ரேஸர் போட்ட ஒரு பெட்டி. எதற்கென்று யாரும் ஒரு வார்த்தை எழுதி ஒட்டவில்லை. தேய்ப்புப் பிரிவு, தையல் பிரிவு என்று பட்டறையில் மொத்தம் ஏழு பெண்கள். கண்ணாடியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பெட்டியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

யோசனை அந்தப் பெட்டியைத் தொடவில்லை. அவள் வீட்டிலிருந்தே கொண்டுவருவாள். வீட்டுக்காரர் மழிக்கும் சாமானுக்கென்று மூடியோடு ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்திருந்தார். மூடியில் இழை கூடச் சரியாகப் பார்த்திருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, முகத்தைத் துடைத்துக்கொண்டே யதேச்சையாகத் தட்டைப் பார்த்தாள். பெட்டியில் ஏழு ரேஸர்தான் இருந்தன. இன்னொரு முறை எண்ணினாள். ஏழுதான். மூன்றைக் காணோம்.

யாராக இருக்கும்? சாப்பாட்டு வேளையிலும் துப்பட்டாவைக் கழுத்தை விட்டு இறக்காத தையல்காரியா? யாரோடும் முகம் பார்த்துப் பேசாத அந்தப் புதுப் பெண்ணா? அல்லது எல்லோரையும் கிண்டல் செய்கிற தேய்ப்புப் பிரிவு அக்காவேதானா? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது. பெட்டியின் மூடியை, பாதி திறந்தபடி, எடுக்கச் சுலபமாக இருக்கிற மாதிரி வைத்தாள்.

வெளியே வந்தபோது தாடி மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்ன, காலையிலேயே கை முகவாய்க்குப் போயிடுச்சு? மறுபடி கசியுதா?"

அப்போதுதான் அவளும் கவனித்தாள். கை அங்கேதான் இருந்தது.

"இல்லண்ணே," என்றாள். "யோசிச்சிட்டிருந்தேன்."